வீரமாமுனிவரின் நண்பர்கள்

இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் தேம்பாவணி நடத்திக்கொண்டிருந்தோம். நூல் அறிமுகப் பகுதி. 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். ஆசிரியர் பெஸ்கி பாதிரியார். இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்தவர். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தவர். 1710-இல் கோவாவில் வந்திறங்கி மதுரை மிஷனுக்கு வந்து, முதலில் தைரியநாதர் என்றும் பின்னர் வீரமாமுனிவர் என்றும் பெயர் பெற்றவர். தேர்வுக்கு வரக்கூடிய செய்திகள் இவை. மாணவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அவருக்கு இங்க ஃப்ரெண்ட்ஸ்னு யாராச்சும் இருந்தாங்களா?" என்றார். வகுப்பு சிரித்தது.

சுப்பிரதீபக் கவிராயர் இருந்தாரே என்றோம். அவரிடம்தான் முனிவர் தமிழ் கற்றதாக மரபு.

"அவரு வாத்தியார்தானேங்க ஐயா?"

சந்தா சாகிபும் அவரும் நெருக்கம் என்று சொல்வார்கள் என்றோம்.

"அவரு நவாப்புங்க ஐயா."

மணி அடித்துவிட்டது. அந்த மாணவி கேட்டதற்கு அன்று விடை சொல்லவில்லை. இருபது ஆண்டுகளாகத் தேம்பாவணி நடத்துகிறோம். அகராதி, இலக்கணம், காப்பியம், எழுத்துச் சீர்திருத்தம் என்று தொண்டுகளை வரிசைப்படுத்தச் சொன்னால் தூக்கத்திலும் சொல்லுவோம். அந்த மனிதர் காலையில் எழுந்து யாரிடம் முதலில் பேசினார், யாரோடு அமர்ந்து சோறு உண்டார், காய்ச்சல் வந்தபோது யார் பக்கத்தில் இருந்தார் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கின்றன. பிறப்பு, பணி, நூல்கள், இறப்பு.

சந்தா சாகிபு பெயரைச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. நமக்கு ஊர் ரஞ்சன்குடி. பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பேருந்துச் சன்னலிலிருந்தே எங்கள் கோட்டையைப் பார்த்திருப்பார்கள். 1751-இல் வாலிகண்டபுரத்துப் பக்கம் நடந்த போரில் ஒரு புறம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும், மறுபுறம் முகமது அலியும் ஆங்கிலேயரும். அந்தப் போரில் இந்தக் கோட்டைக்கும் பங்கு உண்டு. அடுத்த ஆண்டே சந்தா சாகிபு கொல்லப்பட்டார். சிறுவயதில் அகழியின் ஓரத்தில் ஆடு மேய்ப்பவர்களோடு திரிந்த காலத்தில் அவர் பெயர் எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பெயர் மாதிரி. ஆகவே வகுப்பில் வீரமாமுனிவர் வந்தால் சந்தா சாகிபும் தானே வந்துவிடுவார்.

அந்தக் கதையைப் பரப்பியவர் புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை. சென்னையில் எல்லிஸ் துரையின் ஏவலால் 1816-இல் முனிவரின் நூல்களைத் தேடித் திரட்டப் புறப்பட்டவர் அவர். 1822-இல் முனிவருடைய சரித்திரத்தையும் தமிழில் எழுதினார். முனிவர் மறைந்து 75 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் தீட்டிக் காட்டும் முனிவர் பல்லக்கில் போகிறவர். புலித்தோல் விரித்த ஆசனத்தில் அமர்பவர். மயிற்பீலி விசிறிகொண்டு இருவர் விசிறுவர். திருச்சிராப்பள்ளியைப் பிடித்த சந்தா சாகிபைக் காண வேண்டி மூன்றே மாதத்தில் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார் என்றும், நவாப் அவரைத் திவானாக அமர்த்திக்கொண்டார் என்றும் கதை வளர்கிறது. பின்வந்த ஆய்வாளர் பலர் இந்தத் திவான் பதவியை நம்பவில்லை. நமக்கும் ஐயம்தான். ஆனால் அந்தக் கதையை ஊர் ஏன் விரும்பியது என்பது விளங்குகிறது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் நம் ஊரில் பெரிய மனிதராக வாழ்ந்தார் என்றால், அவரைப் பெரிய மனிதராக நடத்திய பெருமை நமக்கு வந்துவிடுகிறது. பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்ற கேள்வி பல்லக்குக்கு அடியில் மறைந்துபோகிறது.

பல்லக்கை நீக்கிவிட்டுப் பார்த்தால் வேறொரு வாழ்வு தெரிகிறது. மதுரை மிஷன் பாதிரிமார் ஆண்டுதோறும் ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுத வேண்டும். அவற்றுள் பல 1702 முதல் பாரிசில் தொகுதி தொகுதியாக அச்சேறின. அவற்றில் காணும் நடைமுறை இது. மண்சுவரும் கூரையும் உள்ள குடிசை. ஊன், மீன், முட்டை விலக்கு. சோறும் காய்கறியும், கிடைத்தால் பாலும் நெய்யும். பெரும்பாலும் ஒரு வேளை. உடுப்பது காவி. ஊர் ஊராக நடை. கூட வருவோர் வேதியர்கள் எனப்பட்ட உபதேசியார்கள். சாமியார் ஆண்டுக்கு ஓரிரு முறையே தலைகாட்டக்கூடிய ஊர்களில் எஞ்சிய நாளெல்லாம் ஜெபம் சொல்லிவைப்பதும், பிணக்குத் தீர்ப்பதும், சாகக் கிடப்போரைப் பார்த்துக்கொள்வதும் வேதியரே. இத்தாலிக்காரருக்கு ஊரின் கண்ணும் காதும் அவர்தாம். எந்த வீட்டில் சாவு, எந்தப் பாளையக்காரருக்குக் கோபம், எந்த ஆற்றில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அவர் சொன்னால்தான் தெரியும்.

வீரமாமுனிவர் அந்த வேதியர்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலை எழுதினார். வகுப்பில் அதனைத் 'தொடக்ககாலத் தமிழ் உரைநடை' என்ற தலைப்பின்கீழ் ஒரு வரியில் முடித்துவிடுவோம். மாணவியின் கேள்விக்குப் பிறகு அதை மீண்டும் எடுத்துப் படித்தோம். அறிவுரை நூல்தான். ஆயினும் ஒருவர் எவருக்கு இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு விரிவாக எழுதுகிறாரோ அவரோடுதான் அவர் நாள் கழிந்திருக்கும். திருச்சிராப்பள்ளி அரண்மனையில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழிந்திருக்கலாம். வேதியரோடு முப்பது ஆண்டுகள். அந்த வேதியருள் ஒருவர் பெயரும் நம் பாடநூலில் இல்லை.

எழுத்துச் சீர்திருத்தத்தையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. எகர ஒகரங்கள் குறிலானால் புள்ளி பெறும் என்பது பழைய விதி. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவர். 'எரி'யா 'ஏரி'யா, 'கொடு'வா 'கோடு'வா என்பதை இடம் நோக்கி அறிய வேண்டும். தமிழ் தாய்மொழியானவனுக்கு இது இடர்ப்பாடே அன்று. கண் படிப்பதற்கு முன்னே வாய் சொல்லிவிடும். பிறர் முன்னிலையில் உரக்கப் படித்துத் தடுக்கி விழுந்தவனுக்குத்தான் இது குறையாகத் தெரியும். முனிவர் இரட்டைக் கொம்பும் சுழியும் கொண்டுவந்து குறிலையும் நெடிலையும் பிரித்தார். அதற்கு முன் எத்தனை முறை தப்பாகப் படித்திருப்பார், எத்தனை பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்கள், ஒருவர் மட்டும் சிரிக்காமல் திருத்தியிருப்பார். 1732-இல் முடித்த சதுரகராதியும் அப்படித்தான். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு அகராதிகள். நிகண்டு மனப்பாடமாகத் தெரிந்த புலவனுக்கு அகரவரிசை எதற்கு? கேட்டுக் கேட்டு அலுத்தவர் செய்த வேலை அது. 'இதற்கு என்ன பொருள்?' என்று ஒரு மனிதரை ஒரு நாளைக்கு எத்தனை முறைதான் கேட்க முடியும்?

இன்னொரு வேடிக்கை. தரங்கம்பாடியில் 1706 முதல் லுத்தரன் மிஷனரிகள் இருந்தனர். முனிவர் அவர்களை மறுத்து 'வேத விளக்கம்', 'பேதகம் மறுத்தல்' முதலியவற்றைச் சூடாக எழுதினார். ஒரே வேதத்துக்கு இரண்டு கடைகள், சண்டை கடுமையானது. அதே தரங்கம்பாடி அச்சகத்தில்தான் 1738-இல் முனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் இலத்தீனில் அச்சாகியது. பகைவர் நூலை அச்சுக்கோத்துத் தந்தவர்கள் அவர்கள். பேச்சுத்தமிழ் கற்க அதைவிட நல்ல நூல் அவர்களிடம் இல்லை. இதை நட்பு என்று சொல்ல மாட்டோம். வேறென்ன பெயர் சொல்வது என்றும் தெரியவில்லை.

இவ்வளவும் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நாள்களில் நமக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தவர் வீரமாமுனிவர் அல்லர். நம்மோடு பயின்ற ஒரு நண்பர். அவரும் ரஞ்சன்குடிப் பக்கத்தவர்தாம். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். இளங்கலையும் முதுகலையும் சேர்ந்து படித்தோம். முதுகலை முடித்து அவர் குருமடத்தில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் இங்கே பணிசெய்தபின் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். முன்னூறு ஆண்டுகளுக்கு முன் காஸ்திலியோனேயிலிருந்து ஒருவர் கொள்ளிடக் கரைக்கு வந்தார்; இன்று கொள்ளிடக் கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் புறம் போயிருக்கிறார். அங்கே குருக்கள் குறைந்துவிட்டதால் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போனவர்கள் பல பங்குகளை நடத்துகிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர் இருப்பது பவேரியாவில் ஒரு சிற்றூர். நான்கு ஊர்க் கோயில்களுக்கு இவர் ஒருவரே குரு. ஞாயிறு காலையில் பனியைச் சுரண்டிக் காரைக் கிளப்பி மூன்று பூசை வைக்க வேண்டும். ஞானஸ்நானத்தைவிட அடக்கமே அதிகம் என்பார். முதல் குளிர்காலம் முழுவதும் மாலை நான்கரை மணிக்கு இருட்டிவிடுவதைத்தான் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். தனி வீடு, ஆறு அறை. "சமைச்சு வச்சுட்டு, யாருக்குச் சமைச்சோம்னு பார்ப்பேங்க" என்றார் ஒருமுறை. ரசப்பொடியை அவருடைய தங்கை பொட்டலமாகக் கட்டி அனுப்புவார்.

மொழி பெரும்பாடு. தேர்வு எழுதித் தேறித்தான் போனார். ஆனால் தேர்வில் வந்த ஜெர்மன் வேறு, ஊர் பேசுகிற ஜெர்மன் வேறு. செந்தமிழ் படித்துவிட்டு வந்த பாதிரிக்குக் கொடுந்தமிழ் காதில் விழுந்த கதைதான். மறையுரையை எழுதிவைத்துக்கொண்டு படிப்பார். மக்கள் மரியாதையாகக் கேட்பார்கள். எத்தனை பிழை விட்டாலும் முகம் மாறாது. "அதான் பயமா இருந்துச்சு. யாருமே சிரிக்கல" என்றார்.

சிரித்தவர் ஒரு பாட்டி. எண்பது வயதைக் கடந்த கைம்பெண். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவராம். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து, 'சாமி, இன்றைக்கு நீங்கள் சொன்னது மன்னிப்பு அன்று, வேறொரு சொல்' என்று கூறிச் சிரித்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலையில் மறையுரைத் தாளோடு தம் வீட்டுக்கு வரச் சொன்னாராம். அன்றிலிருந்து வெள்ளிதோறும் அடுக்களை மேசையில் அமர்ந்து இவர் உரக்கப் படிப்பார். பாட்டி பென்சிலை வைத்துக்கொண்டு திருத்துவார். ஜெர்மனில் மேசைக்கும் நாற்காலிக்கும்கூட ஆண்பால் பெண்பால் உண்டு. நமக்கு அது பைத்தியக்காரத்தனம், அவர்களுக்கு இலக்கணம். திருத்தம் முடிந்ததும் சூப்பும் உருளைக்கிழங்கு உருண்டையும். அவர் சுப்பிரதீபக் கவிராயரைப் பாவாடை கட்டிய பாட்டியாகக் கண்டுபிடித்துவிட்டார் என்று நாம் கேலி செய்தோம்.

ஒருநாள் இரவு, இங்கே மணி பதினொன்று இருக்கும், அழைத்தார். குரலில் ஒரு மகிழ்ச்சி. ஜெர்மனிலும் நமக்குள்ளதுபோல் 'நீ', 'நீங்கள்' இரண்டும் உண்டு. 'டூ' என்பது நீ, 'ஸீ' என்பது நீங்கள். பழகிவிட்டோம் என்று தாமாக நீக்கு இறங்கிவிடக்கூடாது. வயதில் மூத்தவர்தாம், 'இனி நாம் நீ என்றே சொல்லிக்கொள்ளலாம்' என்று வெளிப்படையாகச் சொல்லி அனுமதி தரவேண்டும். அதன்பிறகு இருவருமே நீ. ஒருவர் நீ, மற்றவர் நீங்கள் என்பது பெரியவர்களுக்கிடையே கிடையாது. அன்று மாலை பாட்டி கைநீட்டித் தம் பெயரைச் சொல்லி, இனி டூ என்றாராம்.

"நாற்பது வயசுல ஒருத்தங்க என்னை நீன்னு சொல்லி, நானும் அவங்களை நீன்னு சொல்றது இதான் முதல் தடவைங்க" என்றார்.

நாம் வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டோம். தூக்கம் வரவில்லை. இருபத்தைந்து ஆண்டுப் பழக்கத்தில் நாம் அவரை 'நீ' என்கிறோம். அவர் நம்மை 'நீங்க' என்கிறார். அந்த வாக்கியத்திலேயே ஒரு 'ங்க' இருந்தது.

கட்டுரையில் 'நாம்' என்று எழுதுவது தமிழாசிரியருக்குப் பழகிப்போன வழக்கம். இனி எழுதப்போகும் பகுதியில் அந்த 'நாம்' கொஞ்சம் வசதியாகவே இருக்கிறது. ஒருவன் செய்ததைப் பலர் தலையில் பகிர்ந்துவிடுகிறது.

மதுரை மிஷனின் வாழ்க்கையில் ஒரு சுவர் இருந்தது. தொடக்கத்திலேயே அது எழுந்துவிட்டது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் பிராமண சந்நியாசியாக வாழ்ந்தார். மேல்சாதியார் நெருங்குவதற்காக மற்றவரிடமிருந்து விலகி நின்றார். 1640-ஐ ஒட்டிப் பண்டார சாமிகள் என்ற இன்னொரு வகைக் குருக்கள் ஏற்பட்டனர். இவர்கள் பிராமணர் அல்லாத சாதிகளோடு நேராகப் பழகினர். 1693-இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் அவ்வழியினர். அப்போதும் பறையர் என ஒதுக்கப்பட்டோருக்குக் கோயிலில் தனி இடம்தான். அவர்கள் குடிசைக்குள் சாமியார் போவது என்றால் மற்ற சாதியார் வெகுண்டெழுவார்கள். சாகக் கிடந்தாலும் நோயாளியை வெளியே வேறிடத்துக்குத் தூக்கிவர வேண்டியிருந்தது. போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், மலபார் சடங்குகள் எனப்பட்ட வழக்கங்களைக் கண்டித்து 1704-இல் ஆணை பிறப்பித்தார். அதில் ஒரு பிரிவு, பறையர் வீடுகளுக்குள் சென்று நோயாளிகளுக்குத் திருவருட்சாதனம் தரவேண்டும் என்பது. வீரமாமுனிவர் இங்கு வருமுன்பே வந்த ஆணை அது. வழக்காடினார்கள், மனுப்போட்டார்கள், 1734-இல் மீண்டும் உறுதிசெய்யப்பட்டது, 1744-இல் போப் பதினான்காம் ஆசீர்வாதப்பர் இறுதியாக முடித்துவைத்தார். முடிவில் இயேசு சபையார் கண்ட வழி, பறையர்க்கென்றே தனிக் குருக்களை ஏற்படுத்துவது. ஒரு வீட்டின் வாசற்படியைத் தாண்டலாமா என்ற வழக்கு ரோமாபுரியில் நாற்பதாண்டு நடந்தது.

முனிவர் மதுரை மிஷனில் வாழ்ந்த காலம் முழுவதும் இந்த வழக்கு நடந்த காலம். அவர் யாருடைய நண்பர் என்ற கேள்விக்குள் யாருடைய வீட்டுக்குள் அவர் போக முடியவில்லை என்பதும் அடங்கும். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. நமக்கு அந்த உரிமை இல்லை.

நண்பர் கல்லூரி நாள்களில் மிதிவண்டியில் நம் வீட்டுக்குப் புத்தகம் வாங்க வருவார். திண்ணையில் உட்காருவார். அம்மா காபி கொடுப்பார்கள், ஒரு குறிப்பிட்ட சில்வர் டம்ளரில். குடித்துவிட்டு அவரே தொட்டித் தண்ணீரில் கழுவித் திண்ணை விளிம்பில் கவிழ்த்துவைப்பார். அந்த டம்ளர் அடுக்களைக்குள் வராது. நாம் பார்த்திருக்கிறோம். அப்போது நாம் கையில் வைத்திருந்தது பெரும்பாலும் புறநானூறு. அவர் வீட்டிலிருந்து எத்தனையோ முறை அழைப்பு வந்தது. "அம்மா கூப்பிட்டாங்க, ஒருநாள் வாங்க." நமக்கு எப்போதும் ஒரு பேருந்து இருந்தது, ஒரு தேர்வு இருந்தது. அவர் குருப்பட்டம் பெற்ற நாளில் போனோம், சால்வை போர்த்தினோம், பந்தி தொடங்குமுன் கல்லூரியில் வேலை என்று கிளம்பிவிட்டோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் பேருந்து நிறுத்தம் வரை வந்து வழியனுப்பினார். எந்தக் கல்லூரி ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிறது என்று கேட்கவில்லை.

அம்மா போய்ச் சேர்ந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. டம்ளருக்கு இனி அவர்களைக் காரணம் சொல்லுவதும் முறையன்று.

கடந்த தை மாதம் அவர் விடுமுறையில் வந்தார். ஏலாக்குறிச்சிக்குப் போய்வரலாம் என்று நாம்தான் அழைத்தோம். ரஞ்சன்குடியிலிருந்து பெரம்பலூர், அங்கிருந்து அரியலூர், அங்கிருந்து ஏலாக்குறிச்சி என மூன்று பேருந்து. அரியலூரைத் தாண்டும்வரை சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி. தாண்டியதும் கொள்ளிடப் படுகையின் பச்சை. பேருந்தில் தாம் பார்த்த ஊர்களின் பெயர்களை எல்லாம் அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். ஏன் என்று கேட்டோம். அங்கே நான்கு கோயில் ஊர்களின் பெயர்களை உச்சரிக்கவே ஓர் ஆண்டு ஆயிற்றாம். யாரும் திருத்தாத பெயர்களைச் சொல்லிப் பார்ப்பது சுகமாக இருக்கிறது என்றார்.

ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு முனிவர் கோயில் எடுத்து, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகமும் பாடினார். அரியலூர்ப் பாளையக்காரர் மழவராயருக்கு வந்த பிளவைக் கட்டியை முனிவர் குணமாக்க, அவர் நிலம் கொடுத்தார் என்பது ஊர் வழங்கும் கதை. கோயிலுக்கு வெளியே வேப்பமர நிழலில் அமர்ந்தோம். நாம் நம் வகுப்பு மாணவியின் கேள்வியைச் சொன்னோம்.

அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, முனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தாரல்லவா, காமத்துப்பாலைச் சாமியார் என்பதால் விட்டுவிட்டார், ஆனால் பொருட்பாலில் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று ஐந்து அதிகாரம், ஐம்பது குறள் வருகிறதே என்றார். அந்த ஐம்பதுக்கும் பொருள் கேட்டு யார் பக்கத்திலாவது உட்கார்ந்திருப்பார். 'பழைமை' என்றால் என்ன என்று கேட்டிருப்பார். பழசு என்றா சொல்லியிருப்பார்கள்? நெடுநாள் பழகிய உரிமை என்று விளக்கியிருப்பார்கள். "அந்த வார்த்தையை விளக்கினவரு யாரோ, அவருதான்" என்றார். சற்றுக் கழித்து, "அந்த ஆளு வீட்டுக்கு இவரு போனாரான்னு எனக்குத் தெரியாது" என்றும் சொன்னார்.

ஜெர்மனியைப் பற்றி அன்று அதிகம் பேசினார். அங்கே கடையில் அவரைப் பார்த்ததும் பையை இறுக்கிப் பிடிக்கிறவர்களும் உண்டு. வேற்றுநிறத்துக் குருவிடம் நற்கருணை வாங்காமல் வேறு வரிசைக்கு நகர்ந்தவர் ஒருவர் உண்டு. ஓராண்டு கழித்துத் தம் மனைவியின் அடக்கத்துக்கு அவரே வந்து அழைத்தார். "எந்த நாடுன்னு கேப்பாங்க. அதுவும் வலிக்கும்தான். ஆனா சொல்லிட்டா முடிஞ்சிடும்ங்க. இங்க எந்தத் தெருன்னு கேக்கிறது சொன்னப்புறந்தான் ஆரம்பிக்கும்." நம் முகத்தைப் பார்க்காமல் தூரத்தில் வரிசையில் நின்ற பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பாட்டி சென்ற மழைக்காலத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து முதியோர் இல்லத்தில் இருக்கிறாராம். வெள்ளிக்கிழமை மறையுரையை இப்போது அங்கே கொண்டுபோய்ப் படிக்கிறார். பென்சில் பிடிக்கக் கை நடுங்குவதால் பிழை வருமிடத்தில் பாட்டி மேசையைத் தட்டுகிறார்.

வீரமாமுனிவர் இந்த ஊரில் சாகவில்லை. கடைசி ஆண்டுகளில் தெற்கே மணப்பாட்டுக்கும், பிறகு சேர நாட்டு அம்பழக்காட்டுக்கும் போய் அங்கே 1747 பெப்ரவரி 4-இல் மறைந்தார். திருக்காவலூரில் அவரோடு இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எத்தனை நாள் கழித்துக் கிடைத்திருக்கும், யார் கொண்டுவந்து சொல்லியிருப்பார் என்று திரும்பும் பேருந்தில் நண்பர் கேட்டார். அவருக்கு வேறொரு செய்தி பற்றிய அச்சம் இருப்பது தெரிந்தது. பாட்டி போனால் விடுமுறையில் இருக்கிறவருக்கு யார் சொல்லுவார்கள்?

பெரம்பலூரில் இறங்கியபோது மாலை ஆறரை. "உன் வீட்டுக்குப் போகலாம்" என்றோம். அவர் மறுமொழி சொல்லாமல் கைப்பேசியை எடுத்துச் சற்றுத் தள்ளிப்போய்த் தம் தாயாரிடம் பேசிவிட்டு வந்தார்.

வீடு இப்போது மாடி வீடு. தங்கை அனுப்பிய பொட்டலங்களைப் போலவே உள்ளே ரசப்பொடி மணம். அவர் தாயார் நம்மை நன்றாக நினைவு வைத்திருந்தார். நம் அம்மாவின் உடல்நலத்தைக் கேட்டு, போய்விட்டார் என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நமக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தது. நாம் தரையில் நண்பர் பக்கத்தில் அமர்ந்தோம். வாழையிலையில் சோறும் சாம்பாரும் அவரைக்காய்ப் பொரியலும். "நீங்க கவிச்சி சாப்பிடுவீங்களோ மாட்டீங்களோன்னு தெரியலைங்க தம்பி. அதான் அவசரத்துக்குச் சாம்பாரா வச்சேன்" என்றார்.

நாம் சிறுவயது முதல் ஊன் உண்பவர். இருபத்தைந்து ஆண்டு நண்பரின் வீட்டில் அது யாருக்கும் தெரியாது. நண்பருக்கும் தெரியாது. அடுக்களையிலிருந்து கருவாட்டுக் குழம்பு மணம் வந்துகொண்டிருந்தது. மகன் வந்திருக்கிறான் என்று மத்தியானமே வைத்தது. அதையும் ஊற்றுங்கள் என்றோம். தாயார் மகனைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். குழம்பு காரமாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டோம். உண்டு முடித்ததும் நம் இலையை எடுக்க அவர் தங்கை குனிந்தார். நாமே எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனோம்.

இரவு ஒன்பது மணிக்கு நெடுஞ்சாலை வரை நடந்து வந்தார். அங்கிருந்து கோட்டை மேடு இருட்டில் ஒரு கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. அடுத்த வாரம் அவருக்கு விமானம். ஜெர்மன் வழக்கம் நினைவுக்கு வந்தது. சான்றிதழ்ப்படி அவர் நம்மைவிட எட்டு மாதம் மூத்தவர். ஆகவே அந்த அனுமதியை வழங்க வேண்டியவர் அவர். நாம் கேட்க முடியாது. பேருந்து வந்தது. ஏறிச் சன்னலோரம் அமர்ந்தோம். அவர் கீழேயிருந்து சன்னல் கம்பியைத் தொட்டு, "பார்த்துப் போங்க" என்றார்.